பூனைக்குட்டியை இப்போதே தூக்கிப் பழக்குங்கள்

செங்கோட்டைப் பக்கம் இது சாரல் காலம், விறகுக் குவியலுக்குள்ளும் தார்ப்பாய்க்கு அடியிலும் பூனை குட்டி போட்டிருக்கும். கொஞ்சம் பெரிதாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். குட்டி மனிதரை எளிதாக நம்பப் பழகுவது 2 வாரத்திலிருந்து 7 வாரம் வரைதான், சிலதுக்கு 9 வரை நீளலாம், அப்புறம் ரொம்பப் பொறுமை வேண்டும். தினமும் மடியில் வைத்து காது, பாதம், வாய் எல்லாம் மெதுவாகத் தொடுங்கள், நாளைக்கு கால்நடை மருத்துவர் தொட்டாலும் சீறாது. ஒரே ஆள் தூக்கினால் நம்பிக்கையும் அந்த ஆளோடு நின்றுவிடும். ஆச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், புனலூரிலிருந்து வரும் மாமா என்று நாலைந்து பேர் கை படட்டும். கொல்லம் ரோட்டு லாரிகளின் ஏர்ஹாரன், மிக்ஸி, குக்கர் விசில் எல்லாம் முதலில் தூரத்திலிருந்து கேட்கட்டும். பயந்து ஒளிந்தால் இழுக்காதீர்கள், தானாக வரும். விரலை ஆட்டி விளையாட்டு காட்டவே வேண்டாம், குச்சியில் துணி கட்டி ஆட்டுங்கள்.

8 வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து தயவுசெய்து பிரிக்காதீர்கள். பாலுக்காக மட்டும் இல்லை, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக்கூட தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான் அது கற்றுக்கொள்கிறது.

எங்கள் வீட்டுச் சாம்பல் குட்டிகளுக்கு ஆடிக் கடைசியில் அந்த வயது வரும், வளர்க்க ஆசை உள்ளவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.