ஊசித் துளையில்லாத தாள்

எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் மறைந்து ஓராண்டு நிறைகின்ற வேளையில் நினைவு மலருக்கு எழுதுமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, அவரைப் பற்றி நான் எழுதுவதாயின் ஒரு தாளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று எண்ணினேன்.

கண்ணாடிக் குற்றியும் நான்கு குண்டூசிகளும் கொண்டு ஒளிமுறிவை அளந்த செய்முறை வகுப்பை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று எனக்குப் பொறுமை இருக்கவில்லை. ஒளி கண்ணாடிக்குள் எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண்ணான முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.5 என்பது தெரிந்ததே. ஆகவே படுகோணம் 30 பாகைக்கு முறிகோணம் 19.5, 40 பாகைக்கு 25.5 என்று சைன் அட்டவணையிலிருந்து பின்னோக்கிக் கணித்து, கதிர்களை அடிமட்டத்தால் வரைந்து, வகுப்பில் முதல் ஆளாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

சேர் எண்களைப் பார்க்கவில்லை. தாளைத் தூக்கி யன்னலுக்கு நேரே பிடித்தார். ஊசி குத்திய தாளென்றால் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். என் தாளில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. "இதுக்குள்ளால வெளிச்சம் போகவே இல்லையே, தம்பி" என்றார். வகுப்பு முழுவதும் அந்த வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மணியடித்த பின்னர் என்னுடன் இருந்து மீண்டும் செய்வித்தார். ஊசிகள் சாய்ந்து நிற்கக்கூடும் என்பதால் தலையைப் பார்க்காமல் அடியைப் பார்க்கச் சொன்னார். கண்ணைப் பக்கவாட்டில் அசைத்தபோதும் நான்கு ஊசிகளும் பிரியாமல் ஒன்றாகவே நிற்கும்வரை விடவில்லை. முறிவுச்சுட்டி 1.47, 1.54, 1.49 என்று வந்தது. வெற்றிடத்தில் செக்கனுக்கு 299,792 கிலோமீற்றர் செல்லும் ஒளி கண்ணாடிக்குள் ஏறத்தாழ இரண்டு இலட்சமாகக் குறைகிறது, அந்த இரு வேகங்களின் விகிதத்தைத்தான் நீ இப்போது அளந்தாய் என்று அவர் சொன்னபோது, அதுவரை பாடமாக்கி வைத்திருந்த எண் முதன்முறையாக எனக்குப் பொருளுள்ளதாயிற்று.

புலம்பெயர்ந்து நெடுங்காலத்தின் பின், இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் தொலமி தயாரித்த முறிவு அட்டவணையைக் கண்டேன். காற்றிலிருந்து நீருக்குச் செல்லும் கதிருக்கு, 10 பாகைக்கு 8, 20க்கு 15.5, 30க்கு 22.5, 40க்கு 29 என்று அது போகிறது. இடைவெளி 7.5, 7, 6.5 என ஒவ்வொரு படியிலும் சரியாக அரைப் பாகை குறைகிறது. அளந்த எண்கள் இவ்வளவு ஒழுங்காக வாரா. தொலமியும் தமக்குப் பிடித்த ஒரு விதிக்கு இசைவாக எண்களைத் திருத்தியிருக்க வேண்டும் என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சரியான விதி 984 அளவில் கணிதவியலாளர் இப்னு சாலின் கையெழுத்துப் பிரதியிலும், பின்னர் 1621 இல் ஒல்லாந்து அறிஞர் சினெல்லிடமும்தான் வெளிப்பட்டது.

இதை வாசித்த இரவே சேருக்கு எழுத வேண்டும் என்று துடித்தேன். அந்த அட்டவணையை அவர் எவ்வளவு ரசித்திருப்பார்! முகவரியும் கையில் இருந்தது. வேலை, குடும்பம், அடுத்த விடுமுறை என்று நாட்கள் தள்ளிப்போயின. துளையிட்ட அந்த இரண்டாவது தாளையும் செய்முறைக் கொப்பியோடு வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் நான் புறப்பட்டு வந்திருந்தேன்.