பத்து மீற்றர் உயரம் எழுந்த மரக்கட்டை

1992 ஆம் ஆண்டில் எங்கள் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில், கண்ணாடிக் கதவிட்ட அலுமாரியின் மேல்தட்டில், நாடாவில் புள்ளி பதிக்கும் கருவி ஒன்று துணியால் மூடப்பட்டு இருந்தது. துரொல்லிகள் எனப்படும் சிறு சக்கர வண்டிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, அவை இழுத்துச் செல்லும் நாடாவிலுள்ள புள்ளிகளின் இடைவெளியை அளந்து திணிவையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தம் மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்தத்தில் மாறாது என்ற உந்தக் காப்பு விதியை நிறுவுவதற்கான கருவி அது. அதற்கு மின்சாரம் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990 இலேயே மின்சாரம் நின்றுவிட்டது. நாங்கள் இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். செய்தி கேட்க வேண்டுமானால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவால் வானொலியை இயக்கினோம். உயர்தர வகுப்பில் இருந்த இரண்டு ஆண்டுகளில் அந்தத் துணி எடுக்கப்பட்டதை நான் பார்க்கவில்லை. ஆயினும் உந்தத்தையும் சக்தியையும் விசையையும் எங்களைவிடத் தெளிவாகப் படித்த மாணவர்கள் இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதற்குக் காரணமான ஆசிரியரின் பாடங்களில் மூன்றை மட்டும் இந்த மலரில் எழுதி வைக்க விரும்புகிறேன்.

முதற்பாடம் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் வேப்பமர நிழலில் நடந்தது. சேர் தம் சட்டைப் பையிலிருந்து ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் போளைகளை (கோலிக் குண்டுகளை) எடுத்து, ஒன்றை நிலத்தில் வைத்து, மற்றதால் அடிக்கும்படி எங்களில் கைதேர்ந்த ஒருவனிடம் கொடுத்தார். நேராகப் பட்ட அடியில், அடித்த போளை பட்ட இடத்திலேயே நின்றது. அடிபட்டது பாய்ந்து சென்றது. சிறு வயதிலிருந்தே நாங்கள் கண்டு பழகியது அது. “ஏன் நிற்கவேண்டும்? இரண்டும் அரைவாசி வேகத்தில் சேர்ந்து போனால் உந்தக் காப்பு விதி பிழைத்துவிடுமா?” என்று அவர் கேட்டபோது எங்களிடம் விடை இருக்கவில்லை. போளையின் திணிவை ஓர் அலகு என்றும், வேகத்தை 2 அலகு என்றும் வைத்து மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினார். மோதலுக்கு முன் உந்தம் 2. இரண்டும் 1 அலகு வேகத்தில் போனாலும் மொத்த உந்தம் 2 தான். அந்த விதி பிழைக்கவில்லை. ஆனால் திணிவையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதியான இயக்கசக்தி முன்பு 2 ஆக இருந்தது, இப்போது 1 ஆகிவிடுகிறது. கண்ணாடிப் போளை ஏறத்தாழ முழுமையாக மீள்தன்மை உடையது. சக்தியில் பாதியை விழுங்கிக்கொள்ள அதனால் இயலாது. உந்தமும் சக்தியும் ஆகிய இரண்டு கணக்கும் ஒருங்கே தீர வேண்டுமென்றால், ஒன்று நிற்க மற்றது முழு வேகத்தோடு போவதைத் தவிர வேறு வழியில்லை. நிலத்தில் உருட்டிவிட்ட போளையானால் அது முற்றாக நிற்பதில்லை, சுழற்சி எஞ்சியிருப்பதால் மெல்லப் பின்தொடரும் என்பதையும், விரலால் சுண்டிய போளை உருளாமல் பறந்து வந்து படுவதாலேயே சட்டென நிற்கிறது என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை.

இரண்டாம் பாடம் என் விடைத்தாளிலிருந்து பிறந்தது. தவணைப் பரீட்சையில் வந்த கணக்கு இது: 1 மீற்றர் நீளமுள்ள கயிற்றில் தொங்கும் 1.99 கிலோகிராம் மரக்கட்டைக்குள், 10 கிராம் திணிவுள்ள துப்பாக்கி ரவை செக்கனுக்கு 200 மீற்றர் வேகத்தில் புகுந்து தங்கிவிடுகிறது. கட்டை எவ்வளவு உயரம் எழும்? ரவையின் வேகத்தை அளப்பதற்கு இங்கிலாந்தின் பெஞ்சமின் றொபின்ஸ் 1742 இல் விளக்கிய ஊசலே இந்தக் கணக்கின் மூலம். நான் ரவையின் இயக்கசக்தி 200 யூல் என்று கண்டு, அதை அப்படியே, உயர எழுவதால் கட்டை பெறும் அழுத்தசக்திக்குச் சமப்படுத்தி, புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என எடுத்து, 10 மீற்றர் என்று விடை எழுதியிருந்தேன். சேர் அதன் மேல் கோடு போடவில்லை. விடையின் பக்கத்தில் “கயிறு?” என்ற ஒரு சொல்லை மட்டும் சிவப்பு மையால் எழுதியிருந்தார். 1 மீற்றர் கயிற்றில் கட்டிய கட்டை 2 மீற்றருக்கு மேல் எழவே முடியாது என்பதை அந்த ஒரு சொல்லிலிருந்து நானே கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

கட்டைக்குள் ரவை புகும் அந்தக் கணத்தில் இயக்கசக்தி காக்கப்படுவதில்லை, காக்கப்படுவது உந்தம். ரவையின் உந்தம் 2 அலகு. இரண்டும் சேர்ந்த திணிவு 2 கிலோகிராம். ஆகவே கட்டை செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தோடுதான் புறப்படும். அப்போது அதனிடமுள்ள சக்தி வெறும் 1 யூல். எழும் உயரம் 5 சென்ரிமீற்றர். மீதி 199 யூல் எங்கே போயிற்று என்று கேட்டேன். “மரத்தைக் கிழிக்கவும் சூடாக்கவும் போயிற்று, தம்பி. டைனமோவைச் சக்கரத்தில் சேர்த்து விளக்கை எரித்தால் சைக்கிள் மிதிக்கக் கடினமாகிறதல்லவா? சக்தி ஓரிடத்தில் குறைந்தால் அது இன்னோரிடத்தில் கணக்குக் கொடுக்கும். ஆனால் உந்தத்துக்கு அப்படி வேடம் மாறத் தெரியாது; அது உந்தமாகவே இருந்தாக வேண்டும்,” என்றார். இதற்குப் பிறகு எந்த மோதல் கணக்கிலும் முதலில் எந்தக் கட்டத்தில் எது காக்கப்படுகிறது என்று எழுதாமல் நான் பேனாவை அசைத்ததில்லை.

மூன்றாம் பாடமே எல்லாவற்றிலும் பெரியது. உந்தம், சக்தி என்று இரண்டு அளவுகள் எதற்கு, அசைவின் வலிமையைச் சொல்ல ஒன்று போதாதா என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். சேர் அவனைக் கடிந்துகொள்ளாமல், இதே கேள்விக்காக ஐரோப்பிய அறிஞர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் வாதாடினார்கள் என்றார். திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவதே அசைவின் அளவு என்றார் பிரெஞ்சு அறிஞர் டேக்காட். இல்லை, வேகத்தின் வர்க்கத்தையே எடுக்கவேண்டும் என்று 1686 இல் எழுதினார் ஜேர்மன் அறிஞர் லைப்னிற்ஸ். ஒல்லாந்தரான கிராவசாண்டே 1720 களில் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் விழவிட்டு, பள்ளத்தின் அளவு லைப்னிற்சின் பக்கமே சாட்சி சொல்வதைக் கண்டார். எமிலி து சாத்தலே என்ற பிரெஞ்சுப் பெண் அறிஞரும் 1740 இல் வெளியிட்ட தம் நூலில் லைப்னிற்சின் பக்கமே நின்றார்.

அடுத்த நாள் இரண்டு பால்மாப் பேணிகளோடும், குழைத்த களிமண் நிரப்பிய பெட்டியோடும் சேர் வகுப்புக்கு வந்தார். ஒரு பேணியில் ஆணிகளை நிரப்பி 1 கிலோகிராம் ஆக்கியிருந்தார். மற்றதில் மணல் போட்டு அரைக் கிலோகிராம். கனமானதை 1 மீற்றர் உயரத்திலிருந்தும், இலேசானதை மேசை மேல் ஏறி நின்று 2 மீற்றர் உயரத்திலிருந்தும் விட்டார். களிமண்ணை அடையும்போது கனமான பேணியின் உந்தம் ஏறத்தாழ 4.5 அலகு, இலேசானதன் உந்தம் 3.2 மட்டுமே. இரண்டின் சக்தியும் 10 யூல். அடிமட்டத்தால் அளந்தோம், இரண்டு பள்ளமும் ஒரே ஆழம்.

அப்படியானால் டேக்காட் தோற்றுவிட்டாரா என்று கேட்டோம். இல்லை என்றார். அவர் கரும்பலகையில் எழுதிய இரண்டு வரிகளை நான் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்: விசை எவ்வளவு நேரம் தாக்கியது என்று கேட்டால் விடை உந்தத்தில் இருக்கிறது, எவ்வளவு தூரம் தள்ளியது என்று கேட்டால் விடை சக்தியில் இருக்கிறது. களிமண்ணின் தடுப்பு விசை இரண்டு பேணிக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே சம சக்தி சம ஆழத்தில் நின்றது. ஆனால் நிற்பதற்கு எடுத்த நேரத்தை அளக்க முடிந்திருந்தால், உந்தம் கூடிய பேணிக்கே கூடிய நேரம் பிடித்திருக்கும். பள்ளத்தைப் பார்க்கலாம், அந்தச் சிறு நேரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனாலேயே வாதம் அத்தனை காலம் நீண்டது என்பது என் எண்ணம்.

நான் இலண்டனுக்கு வந்து சாரதி அனுமதிப் பத்திரத்துக்குப் படித்தபோது, நெடுஞ்சாலைச் சட்டக் கோவையில் நிறுத்தும் தூர அட்டவணையைக் கண்டேன். மணிக்கு 30 மைல் வேகத்தில் பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க 14 மீற்றர். 60 மைல் வேகத்தில் 55 மீற்றர். சாரதி சுதாரித்துக்கொள்வதற்குள் வண்டி ஓடும் தூரமோ 9 மீற்றர், 18 மீற்றர் என்று இரண்டு மடங்குதான் ஆகிறது. உடன் படித்தவர்கள் அந்த எண்களை மனப்பாடம் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அவற்றை மனப்பாடம் செய்யத் தேவை ஏற்படவில்லை. பிரேக்கின் விசை ஒன்றேயானால், வேகம் இரட்டித்தபோது நிற்கும் நேரம் 2 செக்கனிலிருந்து 4 செக்கன் அளவுக்கு இரட்டிக்கும், அது உந்தம். தூரம் நான்கு மடங்காகும், அது சக்தி. பின்னர் நானே வண்டி ஓட்டப் பழக்குபவனாகி, இங்கு வந்து சேரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு, மழை பெய்த வீதியில் முன்வண்டியிலிருந்து ஏன் இவ்வளவு விலகி ஓடச் சொல்கிறேன் என்பதை இந்த இரண்டு வரிகளைக் கொண்டே விளக்கி வருகிறேன்.

கல்லூரி ஆய்வுகூடத்துக்கு உபகரணம் வாங்க எங்கள் பழைய மாணவர் சங்கக் கிளை இவ்வாண்டு நிதி சேர்க்கிறது. இலத்திரனியல் நேரமானிகளும் உராய்வு குறைந்த துரொல்லிகளும் பட்டியலில் இருக்கின்றன, அவை வேண்டியவைதான். அவற்றோடு செலவில்லாத ஒன்றையும் சேர்க்குமாறு பௌதிக ஆசிரியர்களை மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரே அளவான இரண்டு பேணிகள், கொஞ்சம் ஆணி, கொஞ்சம் மணல், ஒரு பெட்டி களிமண். பேணிகளை விழவிடுவதற்கு முன், எந்தப் பள்ளம் ஆழமாக இருக்கும் என்று பிள்ளைகளைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர் எழுதினோம். இரண்டும் ஒரே ஆழம் என்று எழுதியவர்கள் இருவர் மட்டுமே.