இடது கையால்

மார்ச் 2, திங்கள்

வலது கையில் கட்டு. இடது கையால் ஒரு வரி எழுத நாலு நிமிஷம் ஆகிறது. இன்றைக்கு இது போதும்.

மார்ச் 3, செவ்வாய்

வாய்ஸ் டைப்பிங்கையும் பார்த்தாயிற்று. 'குவார்ட்ஸ்' என்றால் 'கோர்ட்ஸ்' என்கிறது. 'வெர்மோ' என்றால் 'வெறுமே'. ஒழிந்துபோன தொழில் வழக்கங்கள் திரும்பி வருவது பற்றிய என் ஆய்வை மதிப்பிடும் ரிவ்யூவருக்குப் போகவேண்டிய பதிலில் "1975இல் வெறுமே பரணில் ஏற்றினார்" என்று வந்து நிற்கிறது. யோசித்தால் அது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

கெடு ஏப்ரல் 10.

மார்ச் 5, வியாழன்

"இயங்குமுறை எங்கே?"

இரண்டாம் ரிவ்யூவர் கேட்டிருப்பது இவ்வளவுதான். அதாவது, ஒழிந்தது எதன் வழியாகத் திரும்பி வருகிறது என்று காட்டு. முதலாமவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். அதெல்லாம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். இது அப்படி முடிகிற ரகம் இல்லை.

நான் எழுதியது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். லெ லோக்கிலில் இருக்கும் ஸெனித் கடிகாரத் தொழிற்சாலை அப்போது அமெரிக்க முதலாளிகள் கையில். இனிமேல் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ்தான், ஸ்பிரிங்கில் ஓடும் கடிகாரம் வேண்டாம், கருவிகளைக் கழித்துக்கட்டுங்கள் என்று 1975இல் உத்தரவு வருகிறது. சார்ல் வெர்மோ அங்கே ஒரு பட்டறைக்குப் பொறுப்பாளர். வேண்டாம் என்று மேலே கடிதம் எழுதிப் பார்த்தார், பலிக்கவில்லை. எல் ப்ரீமேரோ என்ற கடிகார இயந்திரத்தைச் செய்யத் தேவையான பிரஸ்கள், கேம்கள், வெட்டும் கருவிகள் என எல்லாவற்றையும் யாருக்கும் தெரியாமல் பரணில் ஏற்றினார். ஏற்றியதோடு விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் சீட்டு வைத்தார். எது எந்த வேலைக்கு என்று நோட்டுப் போட்டு எழுதினார். எண்பதுகளில் தொழிற்சாலை வேறு கைக்கு மாறியிருந்தது. மறுபடி செய்து பார்க்கலாமா என்று யாருக்கோ தோன்றியபோது பரண் இருந்தது, நோட்டும் இருந்தது. 1988இல் ரோலெக்ஸ் தன் டேட்டோனா கடிகாரத்துக்குள் பொருத்தியது அந்த இயந்திரத்தைத்தான்.

இயங்குமுறை எங்கே என்றால், அந்தச் சீட்டில். இப்படி எழுதினால் நிராகரிப்புதான், மூன்றாவது ரவுண்டே கிடையாது.

மார்ச் 8, ஞாயிறு

தலை பின்னிவிட்டுக்கொண்டே அம்மா கேட்டாள். "அப்படி என்னதான்டி எழுதுற?"

"நிறுவன மாற்றம்மா."

"எந்தக் கம்பெனிக்கு?"

சிரித்தேன். அப்புறம் அரை நாள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழில் யோசித்தாலே இந்த வம்பு. நான் சொல்லும் நிறுவனத்துக்குக் கட்டடம் கிடையாது, வாசலில் காவலாளி கிடையாது. இப்படித்தான் செய்வது என்று எல்லோரும் கேள்வி கேட்காமல் செய்கிறார்களே, அது. வழக்கம் என்று சொன்னாலே முக்கால்வாசி வந்துவிடும். அது விட்டுப்போவதற்கும் நம்மிடம் கச்சிதமான சொல் இருக்கிறது: வழக்கொழிதல். ஆய்வாளர் கிறிஸ்டீன் ஆலிவர் 1992இல் கட்டுரை முழுக்கப் பேசியது அதைத்தான்.

ஒழிந்த வழக்கு திரும்பி வந்தால் அதற்குத்தான் பெயர் இல்லை. மறுமலர்ச்சி என்கிறார்கள். உதிர்ந்த பூ அதே காம்பில் பூத்து யார் பார்த்தது? மீட்பு என்றால் கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு எடுப்பது. அங்கே விழுந்த வாளியே மேலே வரும். இங்கே வருவது அதே வாளியா?

மார்ச் 9, திங்கள்

இடது கை நகத்தை வெட்ட முடியவில்லை. அம்மா வெட்டிவிட்டாள்.

மார்ச் 12, வியாழன்

பியர் அத்தியாயம். இன்று கை வலி இல்லை, மனசும் சரியாக இருக்கிறது.

கலிஃபோர்னியாவின் சோனோமாவில் 1976இல் ஜாக் மெக்காலிஃப் நியூ ஆல்பியன் என்று ஒரு குட்டி ஆலை தொடங்கினார். அமெரிக்கா முழுக்க அந்தச் சமயத்தில் நூறு பியர் ஆலை தேறாது. (இன்று 9,000க்கு மேல்.) சின்னதாக ஆலை வைக்கக்கூடாது என்று சட்டம் இல்லை. சின்ன அண்டா செய்து விற்க ஆள் இல்லை, அவ்வளவுதான். பால் பண்ணைகள் கழித்துப்போட்ட பழைய சாமான்களையும், கோகோ கோலா சிரப் வந்த பீப்பாய்களையும் வாங்கி, தானே வெல்டிங் வைத்து ஆலையைக் கட்டிக்கொண்டார்.

நான் ஆய்வேட்டில் எழுத விரும்பியது இந்த அண்டாவைப் பற்றித்தான். ஒரு வழக்கம் ஒழிந்துபோனபின் அதைத் திரும்பச் செய்ய வருகிறவரை யாரும் வந்து தடுப்பதில்லை. அந்த அளவில் பாத்திரம் கிடைக்காது. மூட்டையைப் பிரித்துக் கொஞ்சமாகத் தரமாட்டார்கள். கடன் கேட்டால் வங்கிக்காரருக்கு விஷயமே புரியாது. ஒரே துறையில் இருப்பவர்கள் ஏன் ஒருவரைப் போல ஒருவர் ஆகிவிடுகிறார்கள் என்று சமூகவியலாளர்கள் டிமாஜியோவும் பவலும் 1983இல் கேட்டார்கள். நாற்பது வருஷமாக நாங்கள் எல்லோரும் அவர்களை மேற்கோள் காட்டியே பிழைக்கிறோம். அதில் அண்டா வராது.

1982இல் நியூ ஆல்பியன் மூடப்பட்டது. அங்கே வந்து பார்த்துப்போனவர்களில் ஒருவர் ஆரம்பித்த சியரா நெவாடா இன்றும் ஓடுகிறது.

மார்ச் 15, ஞாயிறு, இரவு 2 மணி

கட்டுக்குள் அரிக்கிறது. கூடாது என்று சொல்லியும் ஸ்கேலை விட்டுச் சொறிந்தேன்.

திரும்பி வந்ததைப் பற்றி மட்டும்தான் எல்லோரும் எழுதுகிறோம். சுவிஸ் கடிகாரம் பற்றி ரையன் ரஃபாய்லி, டச்சு பியர் பற்றி க்ரூசனும் ஹ்யூகன்ஸும். ஒரே இதழ், ஒரே வருஷம், 2019. இரண்டுமே பொறாமைப்படும் அளவுக்கு நல்ல கட்டுரைகள். டச்சுக்காரர்கள் கட்டுரையில் ஒரு சொல் வருகிறது. செத்துப்போனதாக நினைத்த வழக்கத்தின் மிச்சம்மீதி அங்கங்கே கிடக்கும், பின்னால் வருகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்குவார்கள் என்கிறார்கள். அதை நான் 'எச்சம்' என்று குறித்து வைத்திருக்கிறேன்.

வினையெச்சம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே. வந்து, போய், எடுத்து. தானாக முடியாது. பின்னால் ஒரு வினைமுற்று வந்தால்தான் வாக்கியம். வெர்மோ பரணில் ஏற்றி. அவ்வளவுதான் 1975இல். முற்று வரப் பல வருஷம் ஆனது.

முற்று வராமலே போன பரண்கள் எத்தனை இருந்திருக்கும்? யாரோ ஏற்றி, சீட்டு வைத்து, செத்துப்போய், மகன் வந்து எடைக்குப் போட்டுவிட்டு. அதற்குத் தரவு கிடையாது. தரவு இல்லாததால் ஆய்வு கிடையாது. திரும்பி வந்தவனையே கேட்டு, எப்படித் திரும்பி வந்தாய் என்று ஒரு கோட்பாடு.

தூக்கம் வராது.

மார்ச் 17, செவ்வாய்

கைடு போன் செய்தார். "எச்சமெல்லாம் வேண்டாம்மா, ரிவ்யூவர் தமிழ் படிக்கப்போறதில்ல." அப்புறம், "கை எப்படி இருக்கு?" இதே வரிசையில்.

மார்ச் 21, சனி

ப்ளாங்பான் என்ற சுவிஸ் கடிகாரக் கம்பெனி பற்றிய பத்தியை மூன்றாவது தடவையாக மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வருகிறது. "1735 முதல் ஒரு குவார்ட்ஸ் ப்ளாங்பான் வந்ததில்லை, இனியும் வராது" என்பது அவர்கள் விளம்பரம். குவார்ட்ஸ் அலை அடித்து ஓய்ந்த சமயத்தில் அந்தப் பெயரே தூங்கிக்கொண்டிருந்தது! எண்பதுகளின் தொடக்கத்தில் ழான்-க்ளோத் பிவேரும் ழாக் பிகேவும் அந்தப் பெயரை வாங்கினார்கள். இருபதாயிரத்துச் சொச்சம் ஃப்ராங்க். 1992இல் விற்றது 6 கோடி ஃப்ராங்குக்கு. தூங்கியதையே விரதம் என்று சொல்லி விற்ற சாமர்த்தியம். திட்டவும் முடியவில்லை. அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் கையால் செய்வது என்பது பழசாக இருந்தது போய்ப் பெருமையானது.

வெர்மோவையும் பிவேரையும் ஒரே அட்டவணையில், ஒரே தலைப்பின் கீழ் வைத்திருக்கிறேன். பிரிக்க வேண்டும்.

மார்ச் 24, செவ்வாய்

ஒரு பிரஸ் எத்தனை கிலோ இருக்கும்? ஒரே ஆள் தூக்கியிருக்க முடியாது.

மார்ச் 28, சனி

அட்டவணையைப் பிரித்தேன். பிரித்ததும் மூன்றாவதாக ஒரு கூட்டம் நிற்க இடமில்லாமல் நிற்கிறது. 1971இல் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்கு விடுமுறை போன நாலு பேர். பியர் காய்ச்சத் தெரியாது, குடிக்கத் தெரியும். ஊரெல்லாம் பியர் ஒரே மாதிரி ஆகிவிட்டதே என்ற ஆத்திரத்தில் காம்ரா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். முதலில் வைத்த பெயரில் 'உயிரூட்டல்' என்று பொருள்படும் வார்த்தை இருந்தது. 1973இல் அதை எடுத்துவிட்டு 'உண்மையான' என்று போட்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் அவர்களுக்கே அந்தச் சொல் பிடிக்காமல் போயிருக்கிறது. எனக்கு மட்டும் எங்கே கிடைக்கும்?

வாளி விஷயம், திரும்பி வந்தது அதேதானா என்பது. எல் ப்ரீமேரோ வந்தது 1969 ஜனவரியில், நொடிக்குப் பத்துத் துடிப்பு. அதே வருஷம் டிசம்பர் 25இல் ஜப்பானின் சீகோ தன் குவார்ட்ஸ் கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. 1970இல் ஏறக்குறைய 90,000 பேர் இருந்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் எண்பதுகளின் நடுவில் மிஞ்சியது 30,000 சொச்சம். ரோலெக்ஸ் அந்த இயந்திரத்தை எடுத்துக்கொண்டபோது நொடிக்கு எட்டாகக் குறைத்தது. முன்பு மணி பார்க்க வாங்கினார்கள். இப்போது அதற்குக் கடிகாரம் யாருக்கு வேண்டும்? சுவிட்சர்லாந்திலிருந்து போகும் கைக்கடிகாரங்களில் எண்ணிக்கையில் குறைவு ஸ்பிரிங் கடிகாரம்தான், பணத்தில் பெரும்பங்கும் அதற்குத்தான். பரணில் ஏறியது ஒன்று, இறங்கியது வேறு. போன 60,000 பேர் திரும்பி வரவில்லை.

இதை எழுதினால் ரிவ்யூவர் இரண்டு ஒப்புக்கொள்வார் என்று தோன்றுகிறது. தோன்றுவதெல்லாம் இடது கைக்கு எட்டுவதில்லை.

ஏப்ரல் 1, புதன்

கட்டுப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது என் கை மாதிரியே இல்லை. வற்றி, தோல் உரிந்து, ஒரு வாடை வேறு.

ஏப்ரல் 3, வெள்ளி

பிசியோதெரபி. உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பச் சொன்னார். திரும்பவில்லை. பிச்சை வாங்கக்கூட ஆகாது இந்தக் கை. பந்தை இருபது தடவை அமுக்கச் சொன்னார். ஏழாவதில் கண்ணில் நீர். ஆறு வாரத்துக்கு இந்தப் பாடு. அங்கே பரண் கதவு திறந்து கருவிகள் இறங்கியபோது, அவற்றைப் பிடிக்கத் தெரிந்த விரல்கள் எத்தனை மீதி இருந்திருக்கும்?

ஏப்ரல் 5, ஞாயிறு

ஆங்கர் பியர் ஆலை பற்றிய வரியைத் திருத்த வேண்டும். 1965இல் ஃப்ரிட்ஸ் மேட்டேக் பங்கு வாங்கிக் காப்பாற்றிய ஆலை, எல்லோரும் முதல் உதாரணமாகக் காட்டும் ஆலை. 'இன்றும்' என்று எழுதியிருக்கிறேன். 2023இல் மூடியாயிற்று. பழைய குறிப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்ல.

ஏப்ரல் 7, செவ்வாய்

பந்து, இருபது. பேனா பிடித்தேன். மற்றதெல்லாம் எப்படியோ வருகிறது, 'ழ' வரமாட்டேன் என்கிறது. வழக்கு என்று பத்துத் தடவை எழுதினேன். பத்தும் வேறு வேறு ஆள் எழுதியது போல.

ஏப்ரல் 9, வியாழன்

நாளை கெடு. கடைசிப் பத்தியை மட்டும் வலது கையாலேயே தாளில் எழுதி, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து