லிங்கின் வாலில் இருந்த பெயர்

அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் இணையப் பாதுகாப்புக் குழுவில் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் சம்பளப் பிரிவுக்கு ஒரு ஃபிஷிங் மெயில் வந்தது, அதாவது பாஸ்வேர்டைத் திருட வலைவிரிக்கும் போலி மெயில். இரண்டு பேர் கிளிக் செய்துவிட்டார்கள். பாஸ்வேர்டுகளை மாற்றி, அந்தப் போலித் தளத்தின் டொமைனை (இணைய முகவரியை) தடுத்து ஓய்ந்த பிறகு, "இதை வெளியிலும் சொல்லிவிடலாம், மற்றவர்களாவது தப்பிக்கட்டும்" என்றேன். மேலாளர் என்னைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பினார்.

"சொல்லப்போய் யாராவது நம் மேல் வழக்குப் போட்டால்?" என்றார் வக்கீல். அந்தப் பயத்துக்காகவே வந்தது 2015 டிசம்பரில் நிறைவேறிய இணையப் பாதுகாப்புத் தகவல் பகிர்வுச் சட்டம். அதில் பகிர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை; விதிப்படி பகிர்ந்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு இருந்தது. ஆனால் தாக்குதலோடு நேரடித் தொடர்பில்லாத தனிநபர் விவரம் என்று நமக்குத் தெரிந்ததை அனுப்பும் முன் நீக்கிவிட வேண்டியிருந்தது.

எனக்கு அது பத்து நிமிட வேலையாகப்பட்டது. டொமைன், தலைப்பு வரி, மெயிலோடு வந்த கோப்பின் ஹேஷ் (அந்தக் கோப்பை அடையாளம் காட்டும் குறியீடு) எல்லாம் இருக்கட்டும். மெயிலைப் பெற்றவர்களின் பெயரையும் முகவரியையும் நீக்கிவிடலாம். முடித்துக் காட்டினேன். வக்கீல் லிங்கின் கடைசியில் விரலை வைத்தார். "இந்த எழுத்துக் குப்பை என்ன?"

பேஸ்64, அதாவது எழுத்துகளை வேறு எழுத்துகளாக மாற்றி எழுதும் ஒரு முறை. பிரித்துப் பார்த்தால், கிளிக் செய்தவர்களில் ஒரு பெண்ணின் முழு மெயில் முகவரி! யார் சிக்கினார்கள் என்று பார்க்கத் திருடன் கட்டிவிட்ட வால் அது. வாலை வெட்டினோம். அவர் கேட்டிராவிட்டால் அப்படியே போயிருக்கும், 'தெரியாமல்' நடந்ததாகச் சட்டமும் விட்டிருக்கும். அந்த ஒரு சொல் ரொம்பத் தாராளம் என்றே எனக்கு இன்றும் படுகிறது.

அப்புறம் அனுப்புநர் முகவரி. அது திருடனுடையது அல்ல, எங்களுக்குப் பொருள் தரும் ஒருவரின் களவுபோன மெயில் பெட்டி. அவரும் பாதிக்கப்பட்டவர்தானே? அரை மணி நேரம் வாதாடினோம். அதே முகவரியிலிருந்து இன்னும் யார் யாருக்கோ மெயில் போய்க்கொண்டிருக்கலாம். அதனால் அது தாக்குதலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டதுதான் என்று முடிவானது. முதலில் அவருக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னோம்.

அமெரிக்க அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தானியங்கி இணைப்பு வழியாகவும் அனுப்பியிருக்கலாம். ஒரே சம்பவம்தானே, எங்களுக்கு வலைப் படிவமே போதுமாக இருந்தது. அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் வக்கீல் இன்னொரு முறை லிங்கைக் கடைசி எழுத்துவரை படித்தார்.