பாட்காஸ்ட் ஆரம்பிக்கிறீர்களா? முதலில் ஃபீடைத் திறந்து பாருங்கள்

பாட்காஸ்ட் ஆரம்பிக்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் பேச்சு மைக்கில்தான் தொடங்குகிறது. எந்த மைக், எந்த ஹெட்போன், அறையில் எதிரொலி வராமல் என்ன செய்வது. எனக்கு அதில் எந்தச் சிரமமும் வரவில்லை. யுஎஸ்பி மைக்கைச் செருகி, ஆடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்து, இருமலையும் தேவையற்ற இழுவைகளையும் வெட்டி, ஒலியளவை ஆப்பிள் பரிந்துரைக்கும் -16 எல்யூஎஃப்எஸ் (ஒலி சராசரியாக எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதற்கான அளவு) அருகில் கொண்டுவந்து வைத்தது வரை எல்லாம் ஒழுங்காகவே போனது. வாட்டி எடுத்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒலிக்கோப்புகளை இணையத்தில் வைத்துத் தரும் ஹோஸ்டிங் சேவைகளில், இலவசக் கணக்கு தரும் ஒன்றில் எபிசோடை ஏற்றினேன். ஆர்எஸ்எஸ் ஃபீட் முகவரி கிடைத்தது. நிகழ்ச்சியின் விவரங்களும் எபிசோட் பட்டியலும் இருக்கும் கோப்புதான் ஃபீட்; பாட்காஸ்ட் செயலிகள் அதைப் படித்துத்தான் எபிசோடுகளைக் காட்டுகின்றன. அதை ஸ்பாட்டிஃபையில் சேர்க்கப் போனால், இந்த நிகழ்ச்சி உங்களுடையதுதானா என்று சரிபார்க்க, ஃபீடில் இருக்கும் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்புவார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எனக்குக் குறியீடு வரவே இல்லை. ஸ்பேமிலும் இல்லை. மறுபடி அனுப்பச் சொன்னேன், அதுவும் வரவில்லை. சந்தேகப்பட்டு ஃபீட் முகவரியைப் பிரவுசரில் திறந்து, உரிமையாளர் மின்னஞ்சல் இருக்கும் வரியைத் தேடினேன். அங்கே இருந்தது என் முகவரி இல்லை. ஹோஸ்டிங் நிறுவனத்தின் முகவரி! நிகழ்ச்சி என்னுடையது, குரல் என்னுடையது, குறியீடு மட்டும் அவர்கள் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். "ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள்" என்று பதில் வந்தது. அந்த வரியைப் படமெடுத்து, தப்பான முகவரியைச் சுற்றி வட்டம் போட்டு மறுபடி அனுப்பினேன். வேறொருவர் பெயரில் அதே பதில். எழுதுவதைப் படிக்காமலேயே பதில் அனுப்பும் இந்தப் பழக்கத்தைப் போல ஆளைச் சோர்வடையச் செய்வது வேறில்லை. ஒருவழியாக ஒருவர் படித்தார். ஸ்பேம் தொல்லை வராமலிருக்கப் புதுக் கணக்குகள் எல்லாவற்றிலும் முகவரியை மறைத்துவைக்கிறார்களாம். அமைப்புகளில் உள்ளே உள்ளே போனால் ஒரு பெட்டியில் அதை மாற்றிக்கொள்ளலாமாம். இதைக் கணக்குத் தொடங்கும்போதே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். பெட்டியை மாற்றிய பிறகும் உடனே வேலை நடக்கவில்லை. ஃபீட் புதுப்பிக்கப்பட்டு அந்த மாற்றம் ஸ்பாட்டிஃபைக்குப் போய்ச்சேரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குறியீடு வந்து இறங்கியபோது அவ்வளவு நிம்மதி.

அதனால் சொல்கிறேன்: எபிசோட் ஏற்றியதும் எங்கேயும் சேர்க்கப் போகாதீர்கள். முதலில் ஃபீடைத் திறந்து உங்கள் மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபீடில் வரும் முகவரி ஊருக்கே தெரியும், ஆகையால் நிகழ்ச்சிக்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்வது நல்லது. சரிபார்ப்பு முடிந்ததும் மறுபடி மறைத்துவிடலாம். அதே பார்வையில் மொழிக் குறியீட்டையும் கவனியுங்கள்; தமிழ் நிகழ்ச்சிக்கு 'டிஏ' (ta) என்று இருக்க வேண்டும். என்னுடையதில் தானாகவே ஆங்கிலம் என்று போட்டுவைத்திருந்தது. ஒருவேளை இந்தச் சேவையை விட்டுப் போக நேர்ந்தால் 301 திருப்பிவிடுதல் (பழைய ஃபீட் முகவரிக்கு வருபவர்களைத் தானாகவே புதிய முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) தருவார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் இடம் மாறினால் பின்தொடர்பவர்கள் எல்லாம் பழைய ஃபீடிலேயே நின்றுவிடுவார்கள். அந்தத் திருப்பிவிடுதலைக் குறைந்தது நான்கு வாரமாவது வைத்திருக்கச் சொல்கிறது ஆப்பிள்.

ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் சேர்த்தது பிரச்சினையில்லாமல் முடிந்தது. அட்டைப்படம் மட்டும் சதுரமாக, 1400க்கு 1400 பிக்சலிலிருந்து 3000க்கு 3000 வரை இருக்க வேண்டும். பழைய வழிகாட்டிகளில் கூகுள் பாட்காஸ்ட்ஸில் சேர்ப்பது எப்படி என்று ஒரு நீண்ட பகுதி வரும். அது 2024இலேயே மூடப்பட்டுவிட்டது, அதைத் தேடி அலையாதீர்கள்.

அடுத்து நேரலை. யூடியூப் சேனலில் முதல்முறை நேரலையை இயக்கும்போது அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். தொலைபேசி எண்ணையும் சரிபார்க்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகே நேரத்தை அறிவியுங்கள். ஃபோனிலிருந்து நேரலை போக 50 சந்தாதாரர்களாவது வேண்டும். கணினியிலிருந்து போக அந்த நிபந்தனை இல்லை. கணினியிலிருந்து ஒளிபரப்ப உதவும் ஓபிஎஸ் மென்பொருளை நிறுவி, யூடியூப் தரும் ஸ்ட்ரீம் கீயை (நம் சேனலுக்கான ரகசியக் குறியீடு) அதில் ஒட்டியதும் படம் வந்துவிட்டது. அந்தக் கீ யார் கையில் கிடைத்தாலும் உங்கள் சேனலில் அவர் ஒளிபரப்பலாம். திரையைப் பகிரும்போது அது தெரிந்துவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள்.

முதல் நேரலையில் விருந்தினர் நல்ல விஷயம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது படம் உறைந்து நின்றது. ஓபிஎஸ் திரையின் அடியில், போய்ச்சேராமல் விடுபட்ட ஃபிரேம்களின் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இணைய இணைப்பு தருபவர்களைக் கூப்பிட்டால், வேகச் சோதனை எடுக்கச் சொல்லி, "எண் நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்கள். அவர்கள் பார்த்தது டவுன்லோடு எண். நேரலைக்கு வேண்டியது அப்லோடு, அதாவது நம்மிடமிருந்து வெளியே அனுப்பும் வேகம். நான் அப்லோடு அப்லோடு என்று சொல்ல, அவர்கள் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். கடைசியில் பேசிய ஊழியர்தான், "உங்கள் திட்டத்தில் அப்லோடு 5 எம்பிபிஎஸ்தான்" என்று ஒத்துக்கொண்டார். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது டவுன்லோடு எண் மட்டும்தான்.

பல வழிகாட்டிகள் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை, 6000 கேபிபிஎஸ் வைக்கச் சொல்கின்றன. 5 எம்பிபிஎஸ், அதாவது 5000 கேபிபிஎஸ் இணைப்பில் அது போகவே வழியில்லை. உங்கள் அப்லோடில் பாதிக்கு மேல் வைக்காதீர்கள் என்பேன். படத்தின் தெளிவு 720பி, 2500 கேபிபிஎஸ், மாறாத பிட்ரேட், கீஃபிரேம் (முழுப் படமாக அனுப்பப்படும் ஃபிரேம்) இடைவெளி 2 நொடி என்று ஓபிஎஸ்ஸில் மாற்றினேன். வைஃபையை விட்டுவிட்டு கேபிளில் இணைத்தேன். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிக்கு இந்தத் தெளிவு போதும். அடுத்த நேரலையில் ஒரு ஃபிரேம்கூட விடுபடவில்லை.

உறைந்துபோன அந்த நேரலையும் வீணாகவில்லை. ஓபிஎஸ்ஸில் ஒளிபரப்பும்போதே கணினியிலும் பதிவாகும்படி வைத்திருந்தேன். இணையம் தடுமாறினாலும் கணினியில் உள்ள பதிவுக்கு ஒன்றும் ஆகாது. அதிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தெடுத்தேன், அதுவே முழு எபிசோடாகிவிட்டது. பதிவை எம்கேவி என்ற வீடியோ கோப்பு வடிவில் வையுங்கள். எம்பி4 என்றால் நடுவில் கணினி நின்றுபோனால் கோப்பு மொத்தமும் கெட்டுப்போகலாம். எம்கேவியை அப்புறம் ஓபிஎஸ்ஸுக்குள்ளேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கை, தொடக்க இசை பற்றி. இலவசம் என்று முறையான உரிமத்தோடு எடுத்த இசைதான். இருந்தும் யூடியூபில் நேரலைப் பதிவின் மேல், அந்த இசை தங்களுடையது என்று பதிப்புரிமைக் கோரிக்கை வந்து விழுந்தது. எதிர்த்து முறையிட்டால் கோரியவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு, அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதுதான். இசையை இறக்கிய அன்றே உரிமப் பக்கத்தைப் படமெடுத்து, தேதியோடு பத்திரப்படுத்துங்கள். நான் முறையீட்டில் எழுதியது அந்தப் பக்கத்தில் இருந்த வரிகளைத்தான். கெடு முடியும் முன்பே கோரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். அடுத்த எபிசோடுக்கும் அதே இசையைத்தான் போட்டிருக்கிறேன்.