பூத்துக்கு ஆள் இல்லாமல் தேர்தலில் நின்ற கதை

வேட்புமனு கொடுக்கும்வரை, மக்கள் எங்கள் கொள்கையை ஏற்பார்களா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. முதல் அடி கையெழுத்தில் விழுந்தது. முன்மொழிபவர்கள் எல்லோரும் அந்தத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். பெரிய கட்சிக்கு அது ஒரு மணி நேர வேலை. எங்களுக்கு நான்கு நாள் பிடித்தது. "உங்க கட்சியைப் பிடிக்கும், ஆனா என் பேரு வெளியே தெரிய வேண்டாமே" என்று ஆறு பேர் நழுவினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் வாக்காளர் பட்டியல் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டார். கடைசி நாள் மதியம் அவரைத் தேடிப் பிடித்துத் திருத்தி வாங்கினோம். டெபாசிட் பணம் நண்பர்கள் போட்டது. அது திரும்பி வராது என்று அவர்களுக்கும் தெரியும்.

பிரச்சாரத்தில் யாரும் விரட்டவில்லை. அதுதான் ஏமாற்றியது. ஒரு அம்மா துண்டறிக்கையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். "நீ சொல்றது எல்லாம் சரிதான் தம்பி. ஆனா ஜெயிக்க மாட்டியே. உனக்குப் போட்டா என் ஓட்டு வீணாப் போயிடும்ல?" என்றார். முதல் வாரம் இதைக் கேட்டபோதெல்லாம் வாதாடினேன். அப்புறம் விட்டுவிட்டேன், ஏனென்றால் அவர் கணக்கு தப்பில்லை. தொகுதியில் அதிக ஓட்டு வாங்கிய ஒருவரே ஜெயிக்கும் முறையில் ஆட்டம் இரண்டு பெரிய கட்சிகளுக்குள் சுருங்கும் என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1950களிலேயே எழுதியிருக்கிறார். 1981இல் நியூசிலாந்தின் சோஷியல் கிரெடிட் கட்சி 20 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியும் கிடைத்தது 2 இடம். 2015இல் பிரிட்டனில் யூகிப் கட்சிக்குச் சுமார் 39 லட்சம் ஓட்டு, ஒரே இடம். அதே தேர்தலில் சுமார் 14.5 லட்சம் ஓட்டு வாங்கிய ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு 56 இடம், அவர்கள் ஓட்டு முழுக்க ஒரே பகுதியில் குவிந்திருந்ததால். நாங்களோ தொகுதிக்குத் தொகுதி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்த மாதிரி இருந்தோம்.

ஓட்டுப்பதிவு நாளில்தான் உண்மையில் தோற்றோம். 212 வாக்குச்சாவடிக்கு எங்களிடம் இருந்த பூத் ஏஜென்ட் 61 பேர். முகவர் என்றால் கள்ள ஓட்டைத் தடுக்க உட்காருபவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரிய கட்சிக்காரர்கள் செய்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது. உள்ளே ஒருவர் ஓட்டுப் போட்டவர்களைப் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே இருக்கிறார், மதியத்துக்கு மேல், இன்னும் வராதவர்களின் வீடுகளுக்கு வெளியே நிற்கும் கட்சி ஆள் போகிறார். எங்கள் ஆதரவாளர்களில் எத்தனை பேர் தூங்கிவிட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

7,340 ஓட்டு. டெபாசிட் போனது. மறுநாள் ஒருவர் போன் செய்தார்: "இவ்வளவு வாங்குவீங்கன்னு தெரிஞ்சிருந்தா நானும் போட்டிருப்பேன் சார்."

கோபம்தான் வந்தது. சரி என்று அவர் எந்த வாக்குச்சாவடி எனக் கேட்டேன். ஏஜென்ட் இல்லாத 151இல் ஒன்று. பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டேன்.