கொமடோர் 64 எமுலேட்டரில் டிஸ்க் ஃபார்மட் ஏன் இவ்வளவு இழுக்கிறது?

எண்பதுகளில் வாப்பா துபாயிலிருந்து வரும்போது கொமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். கீழக்கரையில் இப்படிப்பட்ட சாமான் நிலைப்பது கஷ்டம். உப்புக்காற்று அதன் 1541 ஃபிளாப்பி டிரைவுக்குள் புகுந்து, டிஸ்க்கைப் படித்து எழுதும் ஹெட் நகரும் கம்பிகளைத் துருப்பிடிக்க வைத்துவிட்டது. வாப்பா எழுதிய பேசிக் புரோகிராம்கள் இப்போது நோட்டில் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றை டைப் செய்து காப்பாற்றத்தான் லேப்டாப்பில் அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போலவே இயங்கும் வைஸ் எமுலேட்டரைப் போட்டேன்.

பழைய டி64 ஃபைல் (ஒரு ஃபிளாப்பியின் நகல்) ஒன்றை இணைத்து, ‘ஓப்பன் 15,8,15’ கட்டளையில் ஃபார்மட் செய்யச் சொல்லும் ‘என்0:’ போட்டு, டிஸ்க்குக்குப் பெயரும் இரண்டெழுத்து ஐடியும் கொடுத்தேன். திரையில் உடனே ‘ரெடி’ வந்துவிட்டது. ஆனால் கீழே டிரைவ் விளக்கு அணையவில்லை. பக்கத்திலிருந்த தடத்தின் (டிஸ்க்கில் எழுதப்படும் வட்டப்பாதை) எண் 1, 2, 3 என்று பழைய பாம்பன் பாலத்து ரயிலாக ஊர்ந்தது. அக்கா மகன் எட்டிப் பார்த்து, “மாமா, ஹேங் ஆயிருச்சா?” என்றான்.

ஹேங் ஆகவில்லை. 1541 வெறும் டிரைவ் அல்ல. தனக்கென்று ஒரு 6502 பிராசசரும் 2 கேபி ராமும் உள்ள தனிக் கம்ப்யூட்டர். ‘ட்ரூ டிரைவ் எமுலேஷன்’ ஆனில் இருந்தால் வைஸ் அந்தப் பிராசசரையும் அதன் ராமையும் அப்படியே ஓட்டுகிறது. டிஸ்க் நிமிடத்துக்கு 300 சுற்று. மொத்தம் 35 தடங்கள். ஒவ்வொன்றிலும் செக்டார்கள் என்ற துண்டுகளை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்த பிறகே ஹெட் அடுத்ததற்கு நகரும். ஒரு தடத்துக்கே இரண்டு விநாடிக்கு மேல் ஆகிவிடும். கடைசியில் 18-ஆம் தடத்துக்குத் திரும்பி டைரக்டரி எழுதும். உண்மையான டிரைவிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்த வேலைதான் இது. எனக்கு அந்த நிதானம் பிடித்திருக்கிறது. வாப்பா காத்திருந்த அதே நேரம் அல்லவா?

சரி, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இப்படிக் காத்திருக்க முடியாது. ஆல்ட்டையும் டபிள்யூவையும் சேர்த்து அழுத்தினால் வார்ப் மோட். லேப்டாப் எவ்வளவு வேகம் தாங்குமோ அவ்வளவு வேகத்தில் ஓடும். முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் டைப் செய்யும் எழுத்து இரண்டு மூன்றாக விழும். ஏற்கெனவே ஃபார்மட் ஆன டிஸ்க் என்றால் ஐடி தராமல் பெயரை மட்டும் கொடுங்கள். டைரக்டரி மட்டும் காலியாகும், சில விநாடிதான். புது டிஸ்க் வேண்டுமென்றால் இதெல்லாம் தேவையே இல்லை. வைஸோடு வரும் சி1541 என்ற சின்னக் கருவி, ஃபார்மட் செய்த டி64 ஃபைலை நொடியில் உருவாக்கித் தரும்.

ட்ரூ டிரைவை அணைத்து வைத்தாலும் வேகம் கூடும். ஆனால் அதை நான் செய்வதில்லை. ஃபாஸ்ட் லோடர் (டிரைவிலேயே தன் புரோகிராமை ஓட்டி வேகமாக லோட் செய்யும் முறை) உள்ள விளையாட்டுகள் பல அப்புறம் லோட் ஆகாது.

விளக்கு அணைந்ததும் டைரக்டரியை லோட் செய்து பாருங்கள். 664 பிளாக் காலி என்று காட்டினால் டிஸ்க் தயார். பிழை எண் 26 வந்தால் டிஸ்க் எழுத முடியாத நிலையில் இருக்கிறது; டி64 ஃபைல் ‘ரீட் ஒன்லி’யாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.